பிராக்டீஸ்ல புலி, போட்டின்னா கை நடுக்கம்: மல்யுத்தம் பண்ற பையனுக்கு மனசு தைரியம் எப்படி வரும்?

பாலக்கோடு_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கினு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவ எழுதறேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கங்க. என் பையன் ப்ளஸ் ஒன் படிக்கறான், 16 வயசு. எட்டாவதுல இருந்து மல்யுத்தம் பண்றான். பிராக்டீஸ்ல பார்த்தா அவன விட அஞ்சு கிலோ ஜாஸ்தி இருக்கற பசங்களயே சிங்கிள் லெக், அதாவது ஒத்தக் கால புடிச்சு தூக்கி போடறான், கோச்சும் இவன்கிட்ட கை இருக்குன்னு சொல்றாரு. ஆனா போட்டின்னு வந்தா வேற ஆளா மாறிடறான்.

போன மாசம் தர்மபுரியில மாவட்ட போட்டி. இவன் பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி ஷூ லேஸ் கட்டறான், விரல் நடுங்குது, மூணு தடவ கட்டி மூணு தடவயும் அவுந்து போச்சு, கடைசியில நான்தான் குனிஞ்சு கட்டி விட்டேன். விசில் அடிச்சதும் பின்னாடியே போறான், போறான், வட்டத்துக்கு வெளிய கால வெச்சு எதிராளிக்கு ஒரு பாயிண்ட். திரும்ப நடுவுல நிக்க வெச்சாங்க, எதிராளி டபுள் லெக் அடிச்சான், ரெண்டு காலயும் புடிச்சு விழுத்திட்டான், 2 பாயிண்ட். கீழ போட்டதும் இடுப்ப புடிச்சு நாலு தடவ உருட்டினான், ஒவ்வொண்ணுக்கும் 2. 10 பாயிண்ட் வித்தியாசம் வந்தா முடிஞ்சுதுங்களே, ஒன்றரை நிமிஷம் கூட ஆகல, 11-0.

அங்க இருந்து பாலக்கோடு வர்ற வரைக்கும் பைக்ல அவன் ஒரு வார்த்த பேசல. நான்தான் பேசிக்கினே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டைய கழட்டறப்ப "அப்பா, நான் நிறுத்திடட்டுமா"ன்னான். அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கமே வரல. தினமும் காலையில அவனுக்கு தன்னம்பிக்கை வீடியோ அனுப்பறேன், பார்க்கறானான்னு கூட தெரியல. இந்த சாம்பியன் மனசுன்னு சொல்றாங்களே, அது பொறக்கறப்பவே வர்றதா, இல்ல பழக்கினா வருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ராயக்கோட்டை_ரன்னர்:
சார் வணக்கம். நான் ஓட்டப்பந்தயம் ஆளு, மல்யுத்தம் அவ்ளோ தெரியாது, ஆனா எல்லா விளையாட்டுக்கும் ஒண்ணுதான், வெறி வேணும். அது சில பேருக்கு ரத்தத்துல இருக்கும். இன்னொன்னு, பையன் என்ன எடை? ஒரு எடைப் பிரிவு கீழ இறக்கிப் பாருங்க. அங்க எதிராளி சின்னதா இருப்பான், நாலு பைட் ஜெயிச்சா தைரியம் தானா வந்துடும்.

பாலக்கோடு_அப்பா:
58 அரை இருக்கறான் தம்பி. 60 கிலோ பிரிவுல போறான். 55 க்கு இறக்கலாம்னு எனக்கும் ஒரு யோசனை இருந்துச்சு.

செம்மண்கோதா:
அண்ணா, அந்த யோசனைய முதல்ல விட்டுடுங்க. நான் கிருஷ்ணகிரி. பள்ளிக்கூட காலத்துல ஆறு வருஷம் மேட்ல (மல்யுத்த மெத்த விரிப்புல) கெடந்தவன், இப்ப மாங்கா மண்டியில வேல. ப்ளஸ் டூ படிக்கறப்ப நானும் இதத்தான் பண்ணேன். நாலு கிலோ இறக்கணும், மூணு நாள்தான் இருக்கு. மத்தியான வெயில்ல உள்ள ஸ்வெட்டர், மேல ரெயின்கோட்டு போட்டுக்கினு ஓடினேன், பஸ்ல ஒரு பாட்டில்ல எச்சி துப்பிக்கினே போனேன், ராத்திரி தொண்ட வறண்டு நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும், அப்ப ஒரு ஐஸ் துண்ட வாயில வெச்சு உடனே துப்பிடுவேன். எடை கரெக்டா வந்துச்சு. முதல் பைட் முதல் ரவுண்டு 4-0 லீடிங். ரெண்டாவது ரவுண்டுல ரெண்டு கெண்டைக்காலும் கட்டி மாதிரி இறுகிப் போச்சு, நிக்கவே முடியல, அவன் சும்மா தள்ளினான் விழுந்தேன். அந்த பையன் என்னை விட திறமசாலி இல்லண்ணா. நான் தண்ணியில்லாம தோத்தேன்.

நம்ம ஊர்ல இத வீரம்னு நெனைக்கறாங்க. 1997 ல அமெரிக்காவுல மூணு காலேஜ் பசங்க இப்படி எடை இறக்கப்போயி ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோ நாளுக்குள்ள அடுத்தடுத்து செத்துட்டாங்க. ரப்பர் சூட்டு, சூடு பண்ண ரூம், தண்ணி கெடையாது. அதுக்கப்புறம்தான் அங்க காலேஜ் மல்யுத்தத்துல ரப்பர் சூட்டையே தடை பண்ணாங்க. நம்ம வினேஷ் போகட்டையே எடுத்துக்கங்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல முதல் நாள் மூணு பேர ஜெயிச்சு பைனல் போயிட்டாங்க, ரெண்டாவது நாள் காலையில 100 கிராம் ஜாஸ்தின்னு வெளிய அனுப்பிட்டாங்க. அதே பாரிஸ்ல அமன் செராவத் பத்து மணி நேரத்துல 4.6 கிலோ இறக்கி வெண்கலம் வாங்கினாரு, அது உண்மைதான், ஆனா அவருக்கு ராத்திரி பூரா கோச்சுங்க பக்கத்துல நின்னாங்க, நம்ம பசங்களுக்கு யாரு நிப்பா? யாராச்சும் மூத்திரம் போற மாத்திரை குடுத்தா வாங்கவே வாங்காதீங்க, அது ஊக்கமருந்து தடைப் பட்டியல்லயே இருக்கு. வளர்ற பையன், 58 அரைன்னா 60 லயே இருக்கட்டும். ராத்திரி களியும் கீரக்கொழம்பும் தின்னுட்டு தூங்கட்டும்.

அப்புறம் வெறி ரத்தத்துல வர்றதுங்கறது எனக்கு ஒத்து வராத பேச்சு. நான் பார்த்த வரைக்கும் ரொம்ப வெறியோட மேட்ல ஏறினவன்தான் முதல் நிமிஷத்துலயே மூச்சு வாங்கி நிப்பான்.

பென்னாகரம்_பிஇடி:
பாலக்கோடு சார், நான் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியர், பதினாலு வருஷம் ஆச்சு. உங்க பையன் மாதிரி ஒவ்வொரு பேட்ச்லயும் ரெண்டு பேர் இருப்பாங்க. தைரியம் இல்லாதவன்னு தயவுசெஞ்சு முத்திரை குத்தாதீங்க. கை நடுங்குறது, அடிவயிறு கலக்குறது, திரும்பத் திரும்ப பாத்ரூம் போறது, இதெல்லாம் உடம்பு சண்டைக்கு ரெடியாவுற அடையாளம். ஜெயிக்கறவனுக்கும் நடுங்கும். அவன் நடுக்கத்தோட ஏறுறதுக்குப் பழகியிருக்கான், உங்க பையன் இன்னும் பழகல, அவ்ளோதான் வித்தியாசம்.

பிராக்டீஸ்ல அவனுக்கு எல்லாமே தெரிஞ்சது சார். தெரிஞ்ச மேட்டு, தெரிஞ்ச பார்ட்னர், விழுந்தா எழுந்து சிரிச்சுக்கலாம். போட்டியில எல்லாமே புதுசு. அதனால நாங்க என்ன பண்றோம்னா, சனிக்கிழமை பிராக்டீஸ் மொத்தத்தையும் போட்டி மாதிரி நடத்துவோம். சிவப்பு, நீலம்னு பேர் கூப்பிட்டு, மேசை போட்டு ஒருத்தன் ஸ்கோர் எழுத, விசில் நான். 17 வயசுக்கு கீழ ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம், நடுவுல 30 செகண்டு. ஆனா 0-0 ல ஆரம்பிக்க மாட்டோம். "நீ 0-4 பின்னாடி இருக்க, 50 செகண்டு பாக்கி, போ" அப்படித்தான் ஆரம்பிப்போம். இல்லன்னா அவன் காலு ஏற்கனவே எதிராளி கையில மாட்டியிருக்கற நெலமையில விசில் அடிப்பேன். மொதல்ல பசங்க திணறுவாங்க. ஒரு பத்து தடவ அப்படி திணறினா அப்புறம் போட்டியில கால் மாட்டினாலும் மூஞ்சி மாறாது, ஏன்னா அந்த இடத்துல ஏற்கனவே இருந்திருக்கான்.

2021 ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் செமிபைனல், நம்ம ரவி தஹியா 2-9 பின்னாடி இருந்தாரு. இன்னும் மூணு பாயிண்ட் போனா ஆட்டமே க்ளோஸ். அங்க இருந்து எதிராளி முதுக தரையில அமுக்கி ஃபால்ல ஜெயிச்சாரு, கைய கடிச்சப்ப கூட பிடிய விடல. சாக்‌ஷி மாலிக் 2016 ரியோவுல வெண்கலத்துக்கு ஆடினப்ப முதல் ரவுண்டு முடிவுல 0-5, முடிஞ்சப்ப 8-5. எங்க பசங்களுக்கு இந்த ரெண்டு பைட்டயும் போட்டுக்காட்டி, நடுவுல நிறுத்தி, "இப்ப அவங்க மூஞ்சிய பாரு, கைய பாரு, எங்க நிக்கறாங்க பாரு"ன்னு கேப்பேன். பேச்சு வீடியோ ஆயிரம் பாக்கறத விட இது ஒண்ணு போதும்.

இன்னொன்னு, வார்ம் அப். நிறைய பசங்க பேர் கூப்பிடற வரைக்கும் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பாங்க, குளிர்ந்த உடம்போட மேட்ல ஏறுவாங்க. பைட்டுக்கு 20 நிமிஷம் முன்னாடி நல்லா வேர்க்கணும், ஒருத்தன புடிச்சு ரெண்டு மூணு டேக்டவுன் (நின்ன நெலையில இருந்து கீழ விழுத்தறது) அடிச்சிருக்கணும். நடுக்கத்துல பாதி அதுலயே போயிடும். மீதிக்கு மூச்சு, இழுக்கறத விட விடறது நீளமா இருக்கணும், பத்து தடவ. லேஸ் கட்டறதயும் தினமும் ஒரே மாதிரி பழக்குங்க, முதல்ல வலது, அப்புறம் இடது, மேல டேப்பு. அவனே கட்டணும் சார். நீங்க குனியாதீங்க.

ஊத்தங்கரை_57கிலோ:
நான் ப்ளஸ் டூ படிக்கறேன், பசங்க பக்கத்துல இருந்து சொல்றேன். ட்ரா (யார் யார் கூட மோதணும்ங்கற பட்டியல்) போட்டதும் நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா, எதிராளி பேர இன்ஸ்டாவுல தேடுவோம். அவன் கழுத்துல அஞ்சு மெடல் மாட்டிக்கினு ரீல்ஸ் போட்டிருப்பான், பின்னாடி மாஸ் பாட்டு, ஸ்லோ மோஷன்ல ஒருத்தன தூக்கி வீசறான். அத ராத்திரி 12 மணி வரைக்கும் திரும்பத் திரும்ப பாப்போம். அப்புறம் காலையில எங்க நின்னு சண்ட போடறது. போன வருஷம் நான் அப்படித்தான் தோத்தேன், நேர்ல பார்த்தா அவன் என்னை விட குள்ளம், சிங்கிள் லெக் தவிர ஒண்ணுமே தெரியாது, ஆனா நான் ரெண்டு நிமிஷமும் அந்த ரீல்ஸ்ல இருந்த ஆளு கூடத்தான் சண்ட போட்டேன். இப்பல்லாம் ட்ரா வந்ததும் போன அம்மாகிட்ட குடுத்துடுவேன்.

அப்புறம் மேட்டு விஷயம். எங்க ஊர்ல மேட்டு கெடையாது, மணல் கொட்டி மேல தார்ப்பாய் விரிச்சு பழகறோம். முதல் தடவ மாநில போட்டிக்கு போய் மேட்ல கால் வெச்சப்ப ஷூ அப்படியே ஒட்டிக்குது, மணல்ல ஒரு அடி போற இடத்துல அங்க ரெண்டு அடி போவுது, எதிராளி எப்ப உள்ள வந்தான்னே தெரியல. அது பயம்னு எல்லாரும் சொன்னாங்க. பழக்கமில்ல, அவ்ளோதான். முந்தின நாளே போய் அனுமதி கேட்டு மேட்ல கொஞ்ச நேரம் ஓடிப் பாக்கணும், உங்க பையன்கிட்டயும் சொல்லுங்க அங்கிள்.

ஓசூர்_அம்மா:
பாலக்கோடு அண்ணா, என் பொண்ணும் மல்யுத்தம்தான், பத்தாவது. பொம்பள புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், காது வீங்கிப் போச்சுன்னா யாரு கட்டுவான்னு சொந்தக்காரங்க பேசாத பேச்சு இல்ல. அவ எடையில பொண்ணுங்க யாரும் இல்லாததால பசங்க கூடத்தான் பழகறா, தினமும் தோத்துக்கிட்டே பழகறா. அது அவளுக்கு ஒரு விதத்துல நல்லதா போச்சு, தோக்கறது அவளுக்கு பெரிய விஷயமே இல்ல.

நான் எழுத வந்தது வேற. நீங்க எழுதினதுல எனக்கு ஒரு வரி உறுத்துச்சு. "நான்தான் பேசிக்கினே வந்தேன்". அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, நானும் அதே தப்ப பண்ணவதான். முதல் வருஷம் ஒரு போட்டி முடிஞ்சு பஸ்ல திரும்பறப்ப ஓசூர் வர்ற வரைக்கும் ஏன் கைய விட்ட, ஏன் முழங்கால் போடல, அந்த பொண்ணு உன்ன விட சின்னவன்னு பொரிஞ்சு தள்ளினேன். அவ ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. ஒரு மாசம் கழிச்சு அவளே சொன்னா, "மேட்ல நிக்கறப்ப எனக்கு எதிர்ல இருக்கறவ தெரியலம்மா, பஸ்ல நீ என்ன சொல்லுவன்னுதான் ஓடுச்சு"ன்னு. அன்னிக்கு நான் அழுதேன்.

அதுல இருந்து திரும்பற வழியில நான் மல்யுத்தம் பத்தி வாயே திறக்கறதில்ல. பசிக்குதா, எங்கயாச்சும் வலிக்குதா, இந்த ரெண்டுதான் கேப்பேன். ஜெயிச்சாலும் இதேதான், தோத்தாலும் இதேதான். மறுநாள் அவளா ஒரு நோட்டுல மூணு வரி எழுதுவா, என்ன சரியா வந்துச்சு, எங்க மாட்டினேன், இந்த வாரம் எத பழகணும். அத நான் படிக்கக் கூடாதுன்னு கண்டிஷன். கேலரியில இருந்து கத்தறதயும் நிறுத்திட்டேன், ஓரத்துல கோச் ஒரு குரல், நான் ஒரு குரல்னா புள்ள எத கேக்கும்?

பாலக்கோடு_அப்பா:
அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். பைக்ல நான் என்ன சொன்னேன்னு இங்க முதல்ல எழுதல, வெக்கமா இருந்துச்சு. "உன்னை நம்பி தக்காளி வித்த காச ஷூவுக்கு போட்டேன்"னு சொன்னேன். அந்த வாரம் விலையும் இல்ல, கிலோ அடிமாட்டு விலைக்கு போச்சு, அந்த கோவத்த எல்லாம் இவன் மேல கொட்டிட்டேன். இன்னிக்கு அவன்கிட்ட அத சொன்னது தப்புன்னு சொல்லிட்டேன். தலைய ஆட்டினான், வேற ஒண்ணும் சொல்லல. எடை இறக்கறதும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் செம்மண்கோதா தம்பி.

ராயக்கோட்டை_ரன்னர்:
செம்மண்கோதா அண்ணா சொன்னத படிச்சு எனக்கு பயமாயிடுச்சு, எடை இறக்கறது இவ்ளோ விபரீதம்னு தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க சார். ஆனா வெறி பத்தி நான் இன்னும் ஒத்துக்கல. தோத்தா ராத்திரி தூக்கம் வராம கெடக்கறவன்தான மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பான்?

செம்மண்கோதா:
தம்பி, நீ சொல்றது வலிக்கணும்ங்கறது. அத நானும் ஒத்துக்கறேன். டேன் கேபிள்னு அமெரிக்கக்காரர் ஒருத்தர், ஹைஸ்கூல், காலேஜ் ரெண்டும் சேர்த்து 181 பைட் ஜெயிச்சவரு, 1970 ல காலேஜ்ல அவரோட கடைசி பைட்ல தோத்துட்டாரு. அது வலிச்சிருக்கும்தான. ஆனா அவரு அந்த வலிய வேலையில போட்டாரு, 1972 முனிச் ஒலிம்பிக்ஸ்ல எதிராளி யாருக்கும் ஒரு பாயிண்ட் கூட குடுக்காம தங்கம் வாங்கினாரு. வலி ராத்திரிக்கு. மேட்ல ஏறினப்புறம் வலி, வெறி, அப்பா முகம் எதுவும் இருக்கக் கூடாது, அவன் கை எங்க இருக்கு, என் தலை எங்க இருக்கு, என் இடுப்பு தாழ இருக்கா, அவ்ளோதான்.

பாலக்கோடு அண்ணா, பையன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாயிண்ட் போன அடுத்த பத்து செகண்டுதான் முக்கியம். உங்க பையனுக்கு அன்னிக்கு முதல் பாயிண்ட் போனது பெரிசில்ல, ஒரு பாயிண்ட்தான். அதயே நெனச்சுக்கினு திரும்ப நடுவுல வந்து நின்னான் பாருங்க, அங்க போச்சு பைட்டு. எனக்கு என் கோச் பழக்கினது, பாயிண்ட் போனதும் நடுவட்டத்துக்கு நடந்து வர்றப்ப தொடைய ஒரு தடவ தட்டணும், மூச்ச விடணும், "கை" அப்படின்னு மனசுக்குள்ள ஒரு வார்த்த சொல்லணும். எதிராளி கைய முதல்ல நான் புடிக்கணும்ங்கறதுக்கு அது ஞாபகம். வேற எத நெனைக்கவும் அங்க நேரம் இருக்காது. பின்னாடி போற பையனுக்கு இது ரொம்ப உதவும், ஏன்னா கைய புடிக்கணும்னா முன்னாடி போயே ஆகணும்.

பென்னாகரம்_பிஇடி:
செம்மண்கோதா சொன்னத அப்படியே வழிமொழியறேன். ஒண்ணு சேர்த்துக்கறேன், பின்னாடி போறவனுக்கு விதியே எதிரி சார். சண்டை போடாம ஒதுங்கினா ரெப்ரி முதல்ல எச்சரிப்பாரு, அப்புறம் 30 செகண்டு குடுப்பாரு, அதுக்குள்ள யாரும் பாயிண்ட் எடுக்கலன்னா எதிராளிக்கு ஒண்ணு. வினேஷ் பாரிஸ்ல ஜப்பான் பொண்ணு யுய் சுசாகி கூட ஆடினப்ப இப்படித்தான் 0-2 பின்னாடி இருந்தாங்க, ஆனா அவங்க அவசரப்படல, கடைசி சில செகண்டுல டேக்டவுன் அடிச்சு 2 பாயிண்ட், ஜப்பான் தரப்பு பண்ண அப்பீல் எடுபடாம இன்னொண்ணு சேர்ந்து 3-2. அதுவரைக்கும் சர்வதேச போட்டியில தோக்காத பொண்ணு சார் அந்த சுசாகி. நேரம் பாக்கியிருக்குன்னு உடம்புக்கு தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் அந்த 50 செகண்டு பயிற்சி.

அப்புறம் முதல் பைட் தோத்ததும் பைய கட்டாதீங்க. ரெப்பசாஜ் வெச்சு நடத்தற போட்டின்னா, உங்களை ஜெயிச்சவன் பைனல் போனா நீங்க வெண்கலத்துக்கு திரும்ப வரலாம். யோகேஷ்வர் தத் 2012 லண்டன்ல அப்படி வந்துதான் வெண்கலம் வாங்கினாரு, ஒரு கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. சாக்‌ஷியும் அந்த வழியாத்தான் வந்தாங்க. எங்க பசங்களுக்கு ஒரே கண்டிஷன், உன்னை ஜெயிச்சவன் தோக்கற வரைக்கும் ஷூ லேச அவுக்கக் கூடாது. கேலரியில போய் போண்டா தின்னுக்கினு இருக்கறப்ப பேர் கூப்பிட்டு வாய தொடச்சுக்கினு ஓடின பையன நான் பார்த்திருக்கேன்.

பாலக்கோடு_அப்பா:
ஏழு வாரம் ஆச்சு, சொல்லிடலாம்னு வந்தேன். நேத்து ஒரு ஓபன் போட்டிக்கு போயிருந்தோம். லேஸ் அவனே கட்டினான், வலது, இடது, டேப்பு. விரல் நடுங்கத்தான் செஞ்சுது. முதல் பைட் 6-8 ல தோத்தான். ஆனா 0-4 ல இருந்து 6-6 வரைக்கும் வந்தான், ஒரு தடவ கூட பின்னாடி போகல, ஒவ்வொரு பாயிண்ட் போறப்பவும் தொடைய தட்டிக்கினு நடுவுக்கு வர்றான், நான் கேலரியில வாய பொத்திக்கினு உக்காந்திருந்தேன், நகத்தயே தின்னுட்டேன். ஜெயிச்ச பையன் பைனல் போயிட்டான். இவன் லேஸ் அவுக்காம ஓரத்துல நடந்துக்கினே இருந்தான், பேர் கூப்பிட்டாங்க, அந்த பைட் 7-2 ல ஜெயிச்சான். வெண்கலத்துக்கு ஆடினதுல 3-5, போச்சு.

திரும்பறப்ப அக்கா சொன்ன மாதிரி பசிக்குதா, வலிக்குதா, ரெண்டுதான் கேட்டேன். கழுத்து வலிக்குதுன்னான். ரொம்ப நேரம் சும்மா வந்தான். பாதி வழியில அவனே பின்னாடி இருந்து என் தோள தட்டி, "அந்த மூணாவது பையன் இடது கால மட்டும்தான் முன்னாடி வெக்கறான்ப்பா, நான் லேட்டா பார்த்தேன்"ன்னு ஆரம்பிச்சான், வீடு வந்தும் வண்டிய விட்டு எறங்காம பேசிக்கினே இருந்தான். நிறுத்தறத பத்தி பேச்சே இல்ல. இப்ப அவனுக்கு ஒரே குறை, இங்க 60 கிலோ பக்கத்துல பார்ட்னர் இல்ல. ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் அனுப்பலாமா?

ஊத்தங்கரை_57கிலோ:
அங்கிள் நான் வரேன். நான் இப்ப 58 இருக்கேன். மேட்டு இருக்கற இடமா பாருங்க, எனக்கும் மேட்டு பழகணும்.

பென்னாகரம்_பிஇடி:
ரெண்டு பேரும் இங்க வாங்க. மேட்டு பழசுதான், ரெண்டு இடத்துல தையல் போட்டிருக்கு, ஆனா மேட்டு. ஞாயிறு காலையில ஆறரைக்கு ஆரம்பிப்போம், பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டு இங்க தனி மெசேஜ் போடுங்க, பையன அனுப்பறேன். துண்டு, தண்ணி பாட்டில், மாத்து பனியன். உடம்புல படர்தாமரை ஏதாச்சும் இருந்தா முன்னாடியே சொல்லிடணும், மறைக்கக் கூடாது, மத்த பசங்களுக்கும் ஒட்டிக்கும். ரெண்டு பேரும் நகம் வெட்டிட்டு வாங்க.